இடது ஓரத்துக் கறுப்பு

கடைசிக் கடிதத்தில் நாலு விரல் அகலம் என்று எழுதியிருந்தது. அவள் தன் விரல்களை வைத்து அளந்து பார்த்தாள். ஐந்து இருந்தது.

லேப்டாப் பதினாறு நாளாகப் பீரோவுக்குள் மூடிக் கிடந்த பொருள். சார்ஜர் ஒயரை யாரோ அதன் மேலேயே சுற்றி வைத்திருந்தார்கள். பேட்டரியில் ஒரு துளி உயிர் இருக்க வழியில்லை. ஆனாலும் திரையின் இடது ஓரத்தில், விரிசல் விட்ட மூலையிலிருந்து கசிந்த மைபோல, அந்தக் கறுப்பு தனியாகத் தெரிந்தது. அணைந்த திரை முழுக்கக் கறுப்புதான் என்றாலும் சன்னல் வெளிச்சம் மற்ற இடங்களில் மங்கலாகவாவது பட்டுத் திரும்பியது. அந்த ஐந்து விரல் அகலத்துக்குள் போன வெளிச்சம் போனதுதான்.

அலுவலகத்தில் உபகரணப் பிரிவு அவள் பொறுப்பு. நாற்காலி உடைந்தாலும், பிரிண்டர் மக்கர் செய்தாலும், லேப்டாப் கீழே விழுந்தாலும் அவள் மேசைக்கு வந்தாக வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: பழுதுபார்க்கலாம், மாற்றலாம். எதில் டிக் போடுவது என்பது அவள் மனசைப் பொறுத்தது. யார் எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்பாள் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'நாளைக்கு மேடம்' என்று பெயர். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

லேப்டாப் வரைபடக்காரருடையது. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குடிநீர்க் குழாய் எப்படி வளைந்து போகிறது என்று வரைந்து வைக்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன் மாடிப்படியில் கை நழுவி விட்டுவிட்டார். அதன்பின் நாலு கடிதம். அளக்கிற தொழில் என்பதால் ஒவ்வொன்றிலும் கணக்காக எழுதியிருந்தார்: ஒரு விரல் அகலம், இரண்டு விரல் அகலம், மூன்று, நாலு. நாலு முறையும் அவள் 'பழுதுபார்க்கலாம்' கட்டத்தில் டிக் போட்டாள். பழுதுபார்ப்பது என்றால் மெக்கானிக் வந்து கீலில் டேப் சுற்றிவிட்டுப் போவது. அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, மிச்சம் இருக்கிற வெளிச்சத்துக்குள் கழுத்தைச் சாய்த்து வரைந்துகொண்டிருப்பார்.

கடைசித் தடவை நேரில் வந்தார்.

"இருட்டு நகருது மேடம். இப்பல்லாம் வெள்ளைத் தாளைப் பாத்தாக்கூட ஓரத்துல இருக்கு."

"அப்ப கண் டாக்டர்கிட்ட போங்க சார். நான் லேப்டாப்புக்குத்தான் டாக்டர்."

பிரிவே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அடுத்த வாரம், பட்டப்பகலில், அலுவலக வாசலிலேயே லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தார். இடது பக்கத்திலிருந்து ஹாரன் அலற வந்த லாரி. வாசல் காவலாளி நேரில் பார்த்தவர். இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பாக்காம கால வெச்சார்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். இல்ல. லாரி வந்த பக்கம் நல்லாத் திரும்பிப் பாத்துட்டுத்தான் கால வெச்சார்" என்று அவளிடம் வந்து சொன்னார். ஏன் தன்னிடம் வந்து சொல்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

இப்போது மேலிடத்திலிருந்து உத்தரவு. வரைபடங்கள் அதற்குள் இருக்கின்றன, ஏதாவது முடிவு பண்ணுங்கள் என்று. மெக்கானிக் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு உழைக்கிறது வேஸ்ட் மேடம். உள்ள இருக்கறதை எடுத்துக்கிட்டு வேற குடுத்துடலாம். அவர் இருந்தப்பவே நான் சொன்னேன்."

அவர் இருந்தப்பவே. அவள் பேனாவை எடுத்தாள். இன்றைக்கு 'மாற்றலாம்' என்று டிக் போட்டால், கோப்பில் இருக்கிற பழைய நாலு டிக்கும் பல்லை இளிக்கும். ஆள் செத்தபிறகு மாற்றினாள் என்று நாக்கில் போட்டு மெல்லுவார்கள்.

"திரையை மட்டும் மாத்துங்க. பழுதுபாக்கறதுதான்" என்றாள்.

மறுநாள் மூன்று மணிக்கு மெக்கானிக் அதைத் துடைத்து, மேசையில் வைத்து, பட்டனை அழுத்தினார். புதுத் திரை. நீல வெளிச்சம் பளிச்சென்று எழுந்தது. இடது ஓரத்தில் கறுப்பு அப்படியே நின்றது.

"என்ன மாத்தினீங்க? அப்படியே இருக்கே."

"எது மேடம்?"

"இந்தக் கறுப்பு."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். பிறகு திரையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு மேடம்."

அவள் பார்வையைத் திரையிலிருந்து எடுத்துச் சுவரில் போட்டாள். கறுப்பு கூடவே வந்தது. இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக, ஒரு கதவை லேசாகத் திறந்து வைத்தால் உள்ளே தெரிகிற இருட்டு மாதிரி. வேலை அதிகம், தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்காக இடது கைப்பக்கம் பேனா ஸ்டாண்டைத் துழாவினாள். கிடைக்கவில்லை. தலையைத் திருப்பினாள். அந்த மூலையில் ஸ்டாண்டு இல்லை. பதினோரு வருடமாக அங்கேயே இருந்த பித்தளை ஸ்டாண்டு. மேசைமேல் அது நின்ற வட்டத் தடம்கூட இல்லை.

மெக்கானிக் போன பிறகு அவள் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தொண்டையைச் செருமுவதுபோல் முனகியது. பிரிண்டர் மையின் சூடான நெடி வந்தது. அடுத்த அறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எல்லாச் சத்தமும் வலப்பக்கம்தான். இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பக்கத்து மேசைத் தட்டச்சுப் பெண் நிறுத்தாமல் தட்டுகிறவள், அவள் உட்காருவது இடது பக்கம். தட்டுகிற சத்தம் எப்போது நின்றது?

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டாமல், தலைமேல் நிறைகுடம் வைத்தவள்போல் நடந்து வெளியே வந்தாள்.

கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். வலது பாதியை அவள் மடமடவென்று வாசித்தாள். இடது பாதியில் எழுத்தே இல்லை என்றாள். "கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா" என்று டாக்டர் சொன்னபோது அவர் நின்ற இடம் அவளுக்கு இடப்பக்கமாக இருந்தது. குரல் 'இல்லம்மா'வில் முடிந்தது. அதற்குமேல் அவர் ஏதாவது சொன்னாரா என்று அவளுக்குத் தெரியாது. காத்திருந்தாள். பிறகு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டில் இருப்பது அவளும் தங்கையும் மட்டும். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிற தங்கை கூடத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்து, வாயில் ஊசியைக் கவ்வியபடி, சட்டைக் காலரை மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஊசியை எடுத்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்ற?"

"நீ எனக்கு வலப்பக்கம் வந்து உக்காரு. கேள்வி கேக்காத."

தங்கை வந்து உட்கார்ந்தாள். மெஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த அவளுடைய வாசனை வந்ததும் அக்காவுக்கு அழுகை முட்டியது. மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். ஐந்து விரல், ஸ்டாண்டு, தட்டச்சுப் பெண், டாக்டர். அந்த மனுஷன் கேட்டபோதே ஒரு டிக்கை மாற்றிப் போட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது என்பதையும்.

"ஏன்க்கா போடல?"

"ஏனா? தெரியாத மாதிரி கேக்கறியே. உன்னைக் கட்டிக்கறேன்னு பேசி முடிச்சுட்டு, கடைசி நேரத்துல வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவன். இருபத்திரண்டு வருஷம் நீ இந்த மெஷினோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க. தினம் காலைல என் முன்னாடி வந்து, வணக்கம் மேடம்னு எதுவுமே நடக்காத மாதிரி நிப்பான். நான் அவனுக்குப் புதுசு எடுத்துக் குடுக்கணுமா?"

தங்கை தன் மடியில் கிடந்த நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"அவர் வேண்டாம்னு சொல்லலக்கா."

"என்ன?"

"நான்தான் அவரைத் தனியாப் பாத்துச் சொன்னேன். எனக்குக் கல்யாணமே வேண்டாம், நான் சொன்னா வீட்ல தோலை உரிச்சுடுவாங்க, நீங்களே வேண்டாம்னு சொல்லிடுங்கன்னு. சரிம்மான்னு ஒரு வார்த்தைதான் சொன்னார். பழியை அவர் ஏத்துக்கிட்டார்."



"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ என்னைக்கு எங்கிட்ட கேட்ட?"

இருபத்திரண்டு வருடம் கரித்துக் கொட்டியது. நாலு டிக். பிரிவே சிரித்த சிரிப்பு. தங்கைக்காகத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்தது அத்தனையும் யாருக்காகவும் இல்லை. அவர் அதைத் தெரிந்தே வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். சொல்லவில்லை.

விளக்கைப் போட வேண்டும் போலிருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கூடத்தில்தான் இல்லை. அவள் நேராகப் பார்த்தபடி விரலைக் கண்முன் நீட்டி அளந்தாள். ஐந்து விரல் இல்லை. மூக்குவரை வந்திருந்தது. பாதி வீடு இல்லை. மெஷின் இல்லை. சமையலறைக் கதவு இல்லை.

"அசையாத. எந்திரிக்காத. இப்படியே இரு."

"விளக்கைப் போட்டுட்டு வரேன்க்கா. ஒரு நிமிஷம்."

"வேண்டாம்!"

அவள் இரண்டு கையாலும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு ஸ்விட்ச் இடது சுவரில். தங்கை அதற்குள் எழுந்துவிட்டாள். அவளுக்குக் கறுப்பு தெரியவில்லை. தெரிந்தால்தானே பயப்படுவாள். அக்காவைத் தாண்டி, முகத்துக்கு முன்னால், இடது பக்கமாக ஒரு அடி வைத்தாள்.

"ஒண்ணும் ஆகாது, நீ சும்மா…"

குரல் அங்கே நின்றது.

பாதி சேலை. பாதி தோள். பிறகு அதுவும் இல்லை.

கை மட்டும் இருந்தது. சூடாக. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்நுனிகளோடு. அவள் பிடியை விடாமல் வலது கையை மட்டும் எடுத்து, அந்தக் கையின் மேலாகத் தடவிக்கொண்டு போனாள். மணிக்கட்டு. கண்ணாடி வளையல். முழங்கைக்குச் சற்று முன்னால் அவள் விரல்கள் எதையும் தொடவில்லை. காற்றைக்கூட.

கத்தினாள். தன் குரல் ஒரு காதில்தான் கேட்டது.

தங்கையின் விரல்கள் அவளுடையதை இறுக்கிப் பிடித்தன. பயந்தவள் பிடிக்கிற பிடி. அவள் திருப்பி இழுத்தாள். வந்தது. ஒரு அங்குலம். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து இழுப்பு வந்தது. பலமாக இல்லை. மெதுவாக, அவசரமே இல்லாமல்.

விட்டுவிட்டால் தங்கை போய்விடுவாள்.

விடவில்லை.

அவளுடைய இடது கை, விரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகக் கண்ணிலிருந்து போயிற்று. வலிக்கவில்லை. உள்ளே நல்ல குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்குள் தங்கையின் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. ஐந்தும் விட்டபிறகும் அவள் கையை யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.