பூட்டு உடையாமல் போன கால்கள்

காலை ஒன்பதரை. செயற்கைக் கால் பட்டறையில் பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை. ஆனால் கம்ப்யூட்டரைத் திறந்தால் துடைத்துப் போட்ட மாதிரி காலி. யாருக்கு எங்கே உரசும், எங்கே வலிக்கும் என்று வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்திச் சேர்த்த கால் அளவுகள் மொத்தமும் அம்போ.

செயற்கைக் காலின் வாரை இறுக்கிக்கொள்ள வந்திருந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பகீரென்றது. ஓய்வு பெற்றவர். அவருடைய இடது கால் இதே பட்டறையில் செய்தது. அது ஒழுங்காகப் பொருந்துவதற்குள் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மறுபடியும் முதலிலிருந்தா?

"என் மச்சான் வேலைதாம்மா," என்றார் பட்டறைக்காரர். மேஜைமேல் கிடந்த சின்னக் கறுப்பு டிஸ்க்கைத் தட்டினார். "நேத்து சாயங்காலம் அவன் பையில இதைப் பிடிச்சேன். நம்ம அளவு எல்லாத்தையும் ஏத்தி வச்சிருந்தான். போட்டிக்காரனுக்கு விக்கத்தான். அப்பவே வேலைய விட்டுத் துரத்திட்டேன். அந்தக் கடுப்புல மொத்தத்தையும் அழிச்சிருக்கான். ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, கம்ப்ளைண்ட் குடுக்கணும்."

வாசலில் நின்ற அவர் மனைவியின் கண்கள் வீங்கியிருந்தன. "கேஸுன்னு ஆயிட்டா என் தம்பிக்கு இனிமே யாரும்மா வேலை குடுப்பா?"

"இருங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட மட்டும்தான்," என்றார் பட்டறைக்காரர்.

"வேற நகல்?"

"வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. ரெண்டையும் இணைச்சு வச்சிருக்கேன். ஒண்ணுல சேத்தா இன்னொண்ணுலயும் தானா சேந்துடும். இப்ப அங்கயும் இல்ல."

இன்ஸ்பெக்டரம்மா மனைவி பக்கம் திரும்பினார். "நேத்து தம்பி உங்க வீட்டுக்கு வந்தானா?"

"வாசப்படிகூட மிதிக்கல. இவருதான் கம்ப்யூட்டர்ல படம் பாத்துட்டு இருந்தாரு. ஒரு வாரமா இடமில்ல இடமில்லன்னு மக்கர் பண்ணின மெஷின், நேத்து படபடன்னு படத்தை இறக்கிடுச்சு."

"இடம் எங்கிருந்து வந்துச்சு?"

பட்டறைக்காரர் இழுத்தார். "அதுல இருந்த பட்டறை ஃபைலை அழிச்சிட்டேன். அதான் இங்க ஒண்ணு இருக்கேன்னு..."

"ஒண்ணுல சேத்தா இன்னொண்ணுல சேரும்னீங்க. ஒண்ணுல அழிச்சா?"

பட்டறைக்காரர் கம்ப்யூட்டரின் காலித் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"திருடன் இங்க வரவே இல்ல. வீட்டுல உக்காந்து நீங்களே அழிச்சிட்டீங்க. ஒண்ணு பண்ணினதையே இன்னொண்ணும் பண்ணினா அதுக்குப் பேரு நகல் இல்லீங்க. எதோடயும் ஒட்டாம தனியா ஒண்ணு இருந்திருக்கணும்."

"தம்பி இதைத்தாம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டான்," என்றாள் மனைவி. "இவரு காதுலயே போட்டுக்கல."

"அதான் அவனே தனியா ஏத்தி வச்சிருக்கான்." இன்ஸ்பெக்டரம்மா டிஸ்க்கை எடுத்து நீட்டினார். "பொழச்சோம். போட்டுக் காட்டுங்க."

பட்டறைக்காரர் கையை நீட்டவில்லை. "அதுல ஒண்ணுமில்லம்மா. நேத்து அவன் கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் அனுப்பினேன்."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"'மாமா, அது உங்களுக்காக எடுத்தது'ன்னான். நான் நம்பல."

பட்டறைக்காரர் பையிலிருந்து சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "இதை அவன்கிட்ட குடுத்துடு. வரச் சொல்லு."

அவள் வாங்கவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரம்மாவின் முன்னால் மண்டியிட்டாள்.

"நீங்களே போய்க் குடுங்க. எனக்கு இங்க வேலை இருக்கு."