ஒரு மைனஸ் குறைகிறது!

டெலிபோன் அலறியது.

டாக்டர் வைத்தியநாதன் எடுக்கவில்லை.

அந்த போனுக்காகத்தான் விடிந்ததிலிருந்து நாற்காலியை விட்டு நகராமல் இருக்கிறார். ஆனால் முதல் மணியிலேயே எடுத்தால் காத்திருந்த மாதிரி ஆகிவிடும் அல்லவா?

"காது அடைச்சுப் போச்சா?" சமையலறையிலிருந்து மனைவி ருக்கு கத்தினாள். "கிட்வாய் நகர் பூரா எழுந்துண்டாச்சு! நீங்க மட்டும் பிள்ளையார் மாதிரி உக்காந்திண்டு இருங்கோ!"

எடுத்தார்.

"சார்... நான் ஜலஜா..." எதிர்முனையில் அழுகை. "பூவராகவன் சார் போயிட்டார் சார்! நேத்து வீட்டுக்குப் போன உடனே மயக்கம் போட்டு விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரியில..."

"என்ன!" என்று அதிர்ந்தார் வைத்தி. கண்ணாடி முன் நாலு முறை அதிர்ந்து பார்த்த அதிர்ச்சி. கச்சிதமாக வந்தது.

"ஹார்ட் அட்டாக்கா?"

"இல்லை சார். போலீஸ் வந்திருக்கா. ரத்தத்துல பொட்டாசியம் எக்கச்சக்கமா இருக்காம்!"

இந்த முறை நிஜமாகவே அதிர்ந்தார்.

"ரத்தமா? எப்போ எடுத்தா?"

"உயிரோட இருக்கறச்சே சார். செலின்னு ஒரு நர்ஸ், நம்மூர்ப் பொண்ணு, ரெண்டு தடவை எடுத்திருக்கா."

ரிசீவரை வைத்தபோது உள்ளங்கை வியர்த்திருந்தது. மே மாத டில்லியின் வியர்வை அல்ல அது.

'சாகறதுல கூட இந்த ஆள் எனக்கு இடைஞ்சல்!'

வைத்தியின் திட்டத்தில் ஓட்டையே கிடையாது. செத்த உடம்பில் செல்கள் தாமாகவே பொட்டாசியத்தைக் கசியவிடும். செத்தபின் ரத்தம் எடுத்தால் எந்தப் பிணத்திலும் பொட்டாசியம் கூடுதலாகத்தான் இருக்கும். கொலையா, இயற்கையா... ஒருவனாலும் சொல்ல முடியாது!

ஆனால் பூவராகவன் உடனே சாகவில்லை. ஆஸ்பத்திரி வரை போய், கையை நீட்டி, ரத்தம் கொடுத்துவிட்டு... சாவகாசமாகச் செத்திருக்கிறார்!

கொன்றது எதற்கு?

ஒரு பெயருக்கு.

உயிருள்ள செல் ஒவ்வொன்றின் சுவரிலும் ஒரு பம்பு உண்டு. சோடியத்தை வெளியே தள்ளும். பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். எவ்வளவு வேகத்தில், எப்போது, எதுவரை... இதையெல்லாம் ஒரு சமன்பாட்டில் அடக்கினார் வைத்தி. அதற்கு அவர் செலவழித்தது தலைமுடி முழுவதையும். அதை 'வைத்தி மாடல்' என்றுதான் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

டைரக்டர் பூவராகவன் மட்டும் சொல்லவில்லை.

"பேப்பர்ல என் பேர் முதல்ல வரும் வைத்தி. உம்ம பேர் கடைசியில, நன்றி சொல்ற இடத்துல... போதாது?" என்றார், பல் குத்திக்கொண்டே. அடுத்த மாதம் வெளிநாட்டு மாநாட்டில் அது 'பூவராகவன் மாடல்' ஆகியிருக்கும்!

நேற்று மாலை டைரக்டர் அறையில் இருவரும் தனியாக ஷிகஞ்சி குடித்தார்கள். எலுமிச்சையும் கறுப்பு உப்பும் சீரகமும் போட்ட டில்லிக் கோடைப் பானம். அதில் என்ன கசந்தாலும் கறுப்பு உப்பின் தலையில் பழி விழும். டைரக்டரின் கிட்னி ஏற்கெனவே பழுது; உள்ளே போகும் பொட்டாசியம் வெளியேறாமல் இதயத்தை நிறுத்திவிடும். டைரக்டரின் டம்ளரில் மட்டும் பொட்டாசியம் சேர்த்து வைத்தி கலக்கிக் கொடுத்தார். வைத்தியே டம்ளர்களைக் கழுவியும் வைத்தார்.

ஆபீசுக்குக் கிளம்ப வீட்டுக் கதவைத் திறந்ததும் சூடான லூ காற்று முகத்தில் அறைந்தது.

பரவாயில்லை, என்று நினைத்துக்கொண்டார். கொலை என்றே தெரியட்டும். மத்தியானச் சாப்பாட்டில் மோர் குடித்ததாக டைரக்டரே சொன்னாரே... அந்த மோரைக் கொண்டுவந்தவள் ஜலஜா!

---

டைரக்டர் அறையில் கூலர் கடகடத்துக்கொண்டிருந்தது.

டைரக்டரின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர் மாசிலாமணி. சேலத்துக்காரர். டில்லி போலீஸில் மீசை நரைத்தவர். பக்கத்தில் குறிப்பெழுதும் கான்ஸ்டபிள் ஒருவன்.

"உக்காருங்க டாக்டர் சார். நேத்து மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"ஜனக்புரி தமிழ்ப் பள்ளிக்கூடத்துல. சயின்ஸ் எக்ஸிபிஷன். நான்தான் சீஃப் கெஸ்ட். மாலை போட்டா, போட்டோ பிடிச்சா. நூறு பேர் சாட்சி. போறுமா?"

"மாலை வேற போட்டாங்களா! சரி, சாயங்காலம்?"

"இந்த ரூம்ல. டைரக்டரோட."

"வேற யாராச்சும் வந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரலை. வாசல்ல காவலுக்குச் சௌகிதார் இருந்தான். கேட்டுக்கோங்கோ."

"கேட்டாச்சு. அவனும் அதைத்தான் சொல்றான். ரெண்டு பேரும் என்ன சாப்பிட்டீங்க?"

"ஷிகஞ்சி. ஒரே ஜாடியிலேர்ந்து. நானும் குடிச்சேன். கல்லு மாதிரி இருக்கேனே, தெரியலையா?"

"தெரியுதுங்க. இதை இந்தியில எழுதியிருக்கான். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுடுங்க."

போட்டார். சிவப்பு மசிப் பேனாவால். சட்டைப் பையில் அது ஒன்றுதான் எப்போதும் இருக்கும்.

"சிவப்புலயா?" என்றார் மாசிலாமணி.

"தப்பு திருத்தறதுக்கு வெச்சிருக்கேன். இந்த ஆபீஸ்ல அதுக்குத்தான் பேனாவே தேவைப்படறது."

அப்போதுதான் உள்ளே வந்தாள் ஜலஜா. ஆராய்ச்சி மாணவி. டில்லியிலேயே பிறந்தவள். கையில் மடிப்பு மடிப்பாகக் கம்ப்யூட்டர் காகிதம். கண்கள் வீங்கியிருந்தன.

"வாங்கோ மிஸ் மைனஸ்!" என்றார் வைத்தி.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "மிஸ்... யாரு?"

"செல்லப் பேர் இன்ஸ்பெக்டர். இவ கணக்குப் போட்டா ஒரு மைனஸாவது காணாமப் போகும். ஒரு தடவை இவ போட்ட கணக்குல ஒரு தவளையோட இதயம் நிக்கவே இல்லை. பிரளயம் வரைக்கும் துடிச்சிண்டே இருந்தது!"

ஜலஜா காகிதத்தை மேஜையில் வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"விஷயம் இதுதான் சார்," என்றார் மாசிலாமணி. "ரெண்டு ரத்த ரிப்போர்ட் இருக்கு. எந்த நேரத்துல விஷம் உள்ள போச்சுன்னு உங்க மாடலை வச்சுக் கண்டுபிடிக்க முடியுமான்னு கேட்டேன். முடியும்னுச்சு இந்தப் பொண்ணு. காலையிலேருந்து கீழே மெஷின்ல உக்காந்து போட்டிருக்கு. என்னம்மா வந்துச்சு?"

வைத்தி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

அவருடைய மாடல்! அது பொய் சொல்லாதே! சாயங்காலம் என்றுதானே சொல்லும்!

ஜலஜா காகிதத்தைப் பிரித்தாள்.

"மத்தியானம் சார்."

"என்ன?"

"மத்தியானச் சாப்பாட்டு நேரம். வைத்தி மாடல்படி... அப்போதான் பொட்டாசியம் உள்ள போயிருக்கு."

கூலர் கடகடத்தது.

"மத்தியானம் டைரக்டர் உன் கையால மோர் வாங்கிக் குடிச்சாரு. இல்லியா?" மாசிலாமணியின் குரல் சட்டென்று கரடுமுரடானது.

"ஆமா சார்."

"வேற யாரு குடுத்ததையாச்சும் சாப்பிட்டாரா?"

"இல்லை சார். வீட்டு டிபன் பாக்ஸ்தான். மோர் மட்டும் நான்."

"உனக்கும் அவருக்கும் தகராறா?"

"எல்லாருக்கும் அவரோட தகராறு சார்."

"பேச்சைப் பாரு! உன் கணக்கே உன்னைக் காட்டிக் குடுக்குது, நீ என்னடான்னா... பவுனு! உள்ள வாங்க!"

பெண் கான்ஸ்டபிள் பவுனு வாசலில் தோன்றினாள். விலங்கு சலசலத்தது.

வைத்திக்குச் சிரிப்பு பொங்கியது. அடக்கிக்கொண்டார். கடவுளே வந்து கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்! இனி அவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

வாயைத் திறக்காமல் இருப்பது.

"நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர் சார்," என்று காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார் மாசிலாமணி. "உங்க பேர்ல இருக்கிற மாடல். கோர்ட்டுக்குப் போகும். வெளியே பத்திரிகைக்காரங்க வேற நிக்கிறாங்க. 'வைத்தி மாடல் பிடித்த கொலைகாரி'ன்னு நாளைக்குக் கொட்டை எழுத்துல வரும்!"

வைத்தி காகிதத்தைப் பார்த்தார்.

முதல் பக்கம். முதல் வரி. அவருடைய சமன்பாடு.

அதன் நடுவில்...

ஒரு ப்ளஸ்!

மைனஸ் இருக்கவேண்டிய இடத்தில் பப்பரப்பே என்று ஒரு ப்ளஸ்!

காது மடல்கள் சூடாயின.

'வாயை மூடு வைத்தி!'

"சார் மாடல்ல அதுதான் அழகே இன்ஸ்பெக்டர்," என்றாள் ஜலஜா மெதுவாக. "செல் என்ன பண்ணும்னா... பொட்டாசியத்தை ரத்தத்துக்குள்ள தள்ளிண்டே இருக்கும். அதான் நேரம் ஆக ஆக ஏறிண்டே போறது."

'தள்ளுமா? தள்ளுமா!'

"அச்சா! உயிரோட இருக்கிற செல் தள்ளுமா?" என்றார் மாசிலாமணி.

"வைத்தி மாடல்ல தள்ளும் சார்."

வைத்தியின் விரல்கள் சட்டைப் பையைத் தொட்டன. விலகின. மறுபடி தொட்டன. பம்பாயில் ஒருத்தன் இதைப் படிப்பான். லண்டனில் ஒருத்தன் படிப்பான். 'வைத்தி என்று ஒரு மடையன், உயிருள்ள செல்லைப் பிணம் என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான்' என்று விழுந்து விழுந்து சிரிப்பான்! எந்தப் பெயருக்காக ஒரு மனுஷனையே கொன்றாரோ, அந்தப் பெயர்...

'சும்மா இரு! கழுத்து தப்பிக்கும்! சும்மா இரு!'

"அப்ப சரி. நடம்மா," என்று எழுந்தார் மாசிலாமணி.

"ஒரு நிமிஷம்!"

கத்தியது யார் என்று வைத்தியே திரும்பிப் பார்த்தார்.

அவர்தான்.

"மண்டு! மண்டு! என்னத்தைப் போட்டு வெச்சிருக்கே?" சிவப்புப் பேனா வெளியே வந்துவிட்டது. "செல் பொட்டாசியத்தை உள்ள இழுக்குமா, வெளியே தள்ளுமா? பி.எஸ்ஸி. பையனுக்குத் தெரியும்! இது ப்ளஸ்ஸா? மைனஸ்! மைனஸ்!"

ப்ளஸை அடித்தார். மேலே நீளமாக ஒரு கோடு இழுத்தார். ரத்தச் சிவப்பாக ஒரு மைனஸ்.

"சின்னத் தப்புதானுங்களே சார்?" என்றார் மாசிலாமணி.

"சின்னத் தப்பா? விடையே தலைகீழா மாறிடும்யா! செல் இழுத்துக்கும். இழுத்துண்டே இருக்கும். அப்படி இழுத்தும் ரத்தத்துல இவ்வளவு மிச்சம் இருக்குன்னா என்ன அர்த்தம்? விஷம் உள்ள போய் ரொம்ப நேரம் ஆகலைன்னு அர்த்தம்! மத்தியானம் போயிருந்தா இத்தனை இருக்கவே இருக்காது. சாயங்காலம்தான் போயிருக்கு! இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் வேற, மனசாலேயே..."

நின்றார்.

மாசிலாமணி மறுபடி உட்கார்ந்தார். மிக மெதுவாக.

"சாயங்காலமா?"

வைத்தி சிவப்புப் பேனாவை மறைக்கப் பார்த்தார்.

"சாயங்காலம் இந்த ரூம்ல ஒரு ஈ காக்கா வரலைன்னு இப்பத்தானுங்களே சிவப்புல கையெழுத்துப் போட்டீங்க?"

வைத்தி நாற்காலியில் சரிந்தார். பேனா தரையில் உருண்டது.

"பொறி..." என்று முனகினார். "பொறி வெச்சுட்டீர்!"

"பொறியா? நானா?" மாசிலாமணி நிஜமாகவே விழித்தார். "நான் பி.ஏ. தமிழ் சார்! எனக்கு மைனஸ்ங்கிறதே சம்பளத்துலதான் பழக்கம். இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்பியே இருப்பேன்."

"நான் வெச்சேன்," என்றாள் ஜலஜா.

இருவரும் திரும்பினார்கள்.

அழுத கண்கள்தான். ஆனால் இப்போது அவற்றில் ஈரம் இல்லை.

"முதல்ல சரியாத்தான் போட்டேன். சாயங்காலம்னு வந்தது. சாயங்காலம் இங்க இருந்தது நீங்க மட்டும்தான். அதை நான் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பேள் சார்? 'மிஸ் மைனஸ் போட்ட கணக்கு, குப்பையில போடுங்கோ'ன்னு. கோர்ட்டும் உங்களைத்தானே நம்பும்? மாடல் உங்களோடது. அதனால, உங்க வாயாலயே வரணும்னு ப்ளஸ் போட்டேன்."

"ஏம்மா, பைத்தியமா உனக்கு?" என்றார் மாசிலாமணி. "இவரு வாயைத் திறக்கலைன்னா நீ ஜீப்புல ஏறியிருப்பியே!"

"ஏறியிருப்பேன். ஆனா மூணு வருஷமா சார்கிட்ட திட்டு வாங்கறேன். தூக்கு மேடையில நிக்க வெச்சுக்கூட தப்பான ப்ளஸ் ஒண்ணைக் காட்டுங்கோ... திருத்திட்டுத்தான் தொங்குவார்."

பவுனு விலங்கைக் கொண்டுவந்தாள். இந்த முறை வேறு கைகளுக்கு.

வாசல்வரை தலைகுனிந்து நடந்த வைத்தி, சட்டென்று நின்றார்.

"இன்ஸ்பெக்டர்... அந்த மாடல் கோர்ட்டுக்குப் போகும்னேளே. அதுல என் பேர்... முதல்லதானே வரும்?"

மாசிலாமணி தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"கவலையே படாதீங்க டாக்டர் சார். எஃப்.ஐ.ஆர்.ல உங்க பேர்தான் முதல்ல. பங்கு கேட்க வேற ஒருத்தரும் இல்லை!"