நிற்பதை அளக்கும் கருவி

தங்கையின் வீட்டு வாசலில் நான் போய் இறங்கியபோது பகல் பதினொரு மணி. கையில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் நானே செய்த நிலநடுக்கமானி. என்னை விஞ்ஞானி என்று யாரும் மயங்கிவிட வேண்டாம். வாரநாளில் காப்பீட்டு அலுவலகத்தில் படிவம் சரிபார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூமிக்கு நாடி பிடிக்கிற ஆசாமி. இதுவரை நான் கண்டுபிடித்த மிகப் பெரிய நிலநடுக்கம், பக்கத்து வீட்டுக்காரர் ஃபிரிட்ஜை நகர்த்தியது.

"வாங்க மச்சான்." மாப்பிள்ளை கதவைப் பாதிதான் திறந்தார். "வண்டி நாலு மணிக்கு வந்துடும். அதுக்குள்ள உங்க விளையாட்டை முடிச்சுக்கோங்க."

தங்கையை மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வருகிற வண்டி. அதற்குப் பாதிக் காரணம் நான்.

மூன்று வாரத்துக்கு முன் ஃபோனில் சொன்னாள்: "அண்ணா, கீழ் அறையில யாரோ நிக்குறாங்க. துணி துவைக்கப் போகவே பயமா இருக்கு." நான் மேதை மாதிரி என் பழைய கருவியைத் தூக்கிவந்து, தரைக்குக் கீழே இருந்த அந்த அறையில் வைத்தேன். அது காந்தமும் கம்பிச்சுருளும் வைத்த கருவி. இரண்டு நாளில் ஒரு காலடிகூடப் பதிவாகவில்லை. 'ஒன்றும் இல்லை' என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மாப்பிள்ளை அதை மடித்து டாக்டரிடம் கொடுத்துவிட்டார்.

பிறகு புதுக் கருவிக்கு எந்த சென்சார் நல்லது என்று, என்னைப் போன்ற வேலையற்றவர்கள் கூடும் இணையக் குழுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பழைய பிரிண்டரில் பிடுங்கியதே போதும் என்றது ஒரு கோஷ்டி. லேசர் இல்லாதவன் மனிதனே இல்லை என்றது இன்னொன்று. நான் எடுத்தது ஒரு குட்டி விளக்கு, எதிரே இரண்டு ஒளிக்கண்கள், நடுவே ஊசலில் தொங்கும் தகடு. தகட்டின் நிழல் எந்தக் கண் பக்கம் விலகுகிறது என்று பார்த்தால் போதும். பழைய சுருளுக்கு என்ன குறை என்று எவனோ கேட்டான். கர்வத்தோடு தட்டினேன்: 'சுருளுக்கு அசைவு மட்டும்தான் தெரியும். ஒளிக்கண்ணுக்கு இடம் தெரியும். பக்கத்தில் ஒரு ஆள் சும்மா நின்றாலே தரை மயிரிழை சாயும். அவர் நிற்கிற வரைக்கும் கோடு ஏறியே இருக்கும்.'

தட்டி முடித்ததும் என் விரல் நின்றுவிட்டது.

நடக்குறாங்க என்று அவள் சொல்லவே இல்லை. நிக்குறாங்க என்றாள்.

கீழ் அறையில் ஈரச் சுண்ணாம்பும் சோப்பும் கலந்த வாடை. வெளிச்சம் கசிந்தால் ஒளிக்கண் ஏமாந்துவிடும். பெட்டியைத் தரையில் வைத்து, ஒயரை மேலே கணினி வரை இழுத்து, ஒரே ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினேன், விளக்கை அணைத்தேன். இருட்டு கழுத்தில் கைவைத்தது போல இருந்தது. கௌரவத்தை மறந்து இரண்டிரண்டு படியாக மேலே ஏறி, கணினி முன்னால் உட்கார்ந்தேன். தங்கையைத் திரைக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன்.

"முதல்ல நீங்க போய் நின்னுட்டு வாங்க மாப்பிள்ளை."

"என்னையும் கோமாளி ஆக்கணுமா?" என்றபடி இறங்கினார். கோடு ஏறியது. மேலே வந்தார், இறங்கியது.

"பிரமாதம்! நான் குண்டுன்னு கண்டுபிடிக்க இவ்வளவு ஒயரா? அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு."

காத்திருந்தோம். கீழே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மணி ஆனது. ஒன்றரை.

சொட்டும் சத்தம் நின்றது.

தங்கை சுவரைப் பார்த்தபடியே கிசுகிசுத்தாள். "வந்தாச்சு."

கோடு பூஜ்யத்தில்தான் படுத்திருந்தது. மாப்பிள்ளை சிரிக்க வாயைத் திறந்தார்.

கோடு ஏறத் தொடங்கியது.

காலடி இல்லை, துடிப்பு இல்லை. தொட்டியில் தண்ணீர் நிரம்புவது போல மெல்ல ஏறி, மாப்பிள்ளை நின்ற உயரத்தைத் தாண்டி, இன்னும் மேலே போய் நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

"ஒயர் லூசா இருக்கும்," என்றார் மாப்பிள்ளை.

"போய்ப் பாருங்களேன்."

அவர் போகவில்லை. என்னை விட்டுவிட்டு, முதல்முறையாக அவளிடம் கேட்டார். "அது... எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"படியைப் பாத்து."

மாப்பிள்ளை ஃபோனை எடுத்து, இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாம் முறை பேசினார். "வண்டி வேணாங்க. இன்னிக்கு இல்ல, என்னிக்குமே வேணாம்."

பெட்டியை எடுக்க யாரும் கீழே போகவில்லை. பூமியையே அளக்கிறவனின் வீரம் அவ்வளவுதான். வீட்டைப் பூட்டிக்கொண்டு மூவரும் என் வீட்டுக்கு வந்துவிட்டோம். தங்கை வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கணினி, கோட்டை என் ஃபோனுக்கு அனுப்பியபடி இருந்தது. பதினொரு நாள் அது அதே உயரத்தில் நின்றது. தங்கை நிம்மதியாகத் தூங்கினாள். மாப்பிள்ளை யாரையும் கிண்டல் செய்யவில்லை.

இன்று காலை பல் துலக்கிக்கொண்டே ஃபோனைப் பார்த்தேன்.

பூஜ்யம்.

கரண்ட் போயிருக்கும் என்று நம்ப ஆசைப்பட்டேன். இல்லை, ஊசலின் சன்னமான நடுக்கம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அந்த அறையில் இப்போது யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

வாயில் நுரையோடு குளியலறையை விட்டு வெளியே ஓடினேன். வீட்டின் குறுகலான நடையில் மாப்பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு எதிரே தங்கை, கையில் தண்ணீர்க் குவளையோடு ஒருக்களித்து நின்று, யாருக்கோ வழி விட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோ அண்ணா," என்றாள் மெதுவாக.

இந்த முறை நான் எதையும் அளக்கவில்லை. தள்ளிக்கொண்டேன்.