வடக்கு வாசலின் சிவப்புப் புள்ளி

துறைமுகத்தின் வடக்கு வாசலில் காலை ஆறு மணிக்கு வரிசை தொடங்கும். பொறிக்கை உள்ளவர்கள் அதைக் கண்ணாடிப் பலகையில் வைக்க வேண்டும். வாசல் அந்தக் கையின் கருநிரலை, அதாவது அதன் அடிப்படை மென்பொருளை, படிக்கும். பச்சைப் புள்ளி எரிந்தால் தாழ் விலகும். கப்பல் வடம் அறுந்து கை இழந்தவர்கள் அங்கே அறுபத்து மூன்று பேர். ஜெசிந்தா அவர்களில் ஒருத்தி. கை போன பிறகும் வடம் பின்னுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

திங்கள் மாலை எல்லாக் கைகளுக்கும் புதிய கருநிரல் வந்திறங்கியது. கருநிரல் பொதுச்சொத்து, யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். விரல்களை அசைக்கும் இயக்கியோ கையைச் செய்த கம்பெனியுடையது. கம்பெனி மூடி இரண்டு வருடம். பழைய இயக்கி புதிய கருநிரலில் ஏறவில்லை. அறுபத்து மூன்று கைகளும் ஒன்றாகத் தொங்கிப்போயின. மூன்று நாள் வராதவர் பெயரை வேலைப் பட்டியல் தானாக நீக்கிவிடும். இன்று வியாழன், மூன்றாம் நாள்.

வடம் இழுக்கும் வின்ச் எந்திரங்களின் மெக்கானிக் பேச்சிமுத்து பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். புதிய இயக்கியை அவனே எழுதினான். முதலில் தன் மடிக்கணினியின் கருநிரலுக்குப் பொருந்தும்படி தவறாகக் கட்டித்தொலைத்தான்; ‘பதிப்பு ஒவ்வாது’ என்று கை தள்ளிவிட்டது. மறுமுறை ஏறியது. ஆனால் ஜெசிந்தா ஆள்காட்டி விரலை நீட்டினால் கட்டைவிரல் நீண்டது. சுண்டுவிரல் செத்துக் கிடந்தது.

“ஏலே, வெரல எதுலேர்ந்து எண்ணுன?”

“சைபர்லேர்ந்துக்கா. கம்ப்யூட்டர் அப்படித்தான் எண்ணும்.”

“ஒங் கம்ப்யூட்டருக்குக் கை இருக்கால? ஒண்ணுலேர்ந்து எண்ணு.”

எண்ணினான். ஐந்து விரலும் மடங்கி நிமிர்ந்தன.

“ஒண்ணு சொல்லுதேன்க்கா. இது மாதிரி கம்பெனி கையெழுத்து இல்லாத இயக்கி மாட்யூல ஏத்துனா, கருநிரல் தன்னையே கறைபட்டதுன்னு குறிச்சுக்கிடும். வாசல் செவப்பு காட்டும்.”

“காட்டட்டும். மத்தவங்களுக்கும் ஏத்து.”

ஆறு மணிக்கு அறுபத்து மூன்று கைகளுக்கும் சிவப்பு விழுந்தது. வாசல் அதிகாரி கனகசபாபதி மறுத்துத் தலையாட்டினார். “கறைபட்ட எந்தப் பொறியும் துறைமுகத்துல வேல செய்யக்கூடாதும்மா. சட்டம்.”

யாரும் நகரவில்லை. ஆறரைக்கு, முறைப்படி, வாசலுக்கும் புதிய கருநிரல் வந்தது. தாழ் விழுந்தது, அதோடு சரி; யாருக்கும் விலகவில்லை. வரிசையில் பின்னால் நின்ற, சொந்தக் கை உள்ள முந்நூறு பேரும் அதிகாரியும் வெளியே. கப்பல் இரண்டு முறை ஊதியது.

பேச்சிமுத்து வாசல் தாழின் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்துச் சிரித்தான். “அதே கம்பெனி மோட்டார். ஒத்த வெரல் கைதான் சார் இது.”

கனகசபாபதி கடலைப் பார்த்தார். “அந்த மாட்யூலு… இதுக்கும் சேருமால?”

“சேரும். அக்கா ஏத்துவா.”

ஜெசிந்தா அவன் மடிக்கணினியில் பொறிக்கையால் ஒரே வரியைத் தட்டினாள். தாழ் விலகியது. வாசலின் நெற்றியில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

“சட்டம் சொன்னீயள்லா சார்,” என்றாள். “இப்பம் கறைபட்ட இந்தக் கதவக் கழத்தி வெளிய போடணுமா, நாங்க உள்ள போகணுமா?”

வரிசையில் எவனோ விசிலடித்தான். கனகசபாபதி தொப்பியைச் சரிசெய்தபடி வழிவிட்டார். “போங்க. சத்தம் போடாமப் போங்க.”

சத்தம் போட்டுக்கொண்டுதான் போனார்கள். பட்டியல் அறுபத்து மூன்று பெயர்களையும் பதிந்தது. ஒன்பது மணிக்குள் ஜெசிந்தா பின்னிய வடம் கப்பலை இழுத்து நிறுத்தியது.

பேச்சிமுத்து அன்றே நிரலைப் பொதுவில் வைத்தான். மாலைக்குள் பதினோரு துறைமுகங்கள் அதை இறக்கிக்கொண்டன. இறக்கியவர்கள் எல்லோரும் முதலில் படித்தது இந்தக் குறிப்பை: ‘விரல்களை ஒன்றிலிருந்து எண்ணவும். சந்தேகம் இருந்தால் ஜெசிந்தா அக்காவைக் கேட்கவும்.’