ஏழாம் பாகத்தில் மழை

மனிதகுலம் இதுவரை செய்த நேர விரயங்களிலேயே மிகப் பெரியது நெடுநாவல்தான் என்றும், அந்த விரயத்தை ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குள் அடக்கிக் காட்டியவன் என்ற பெயர் வரலாற்றில் தனக்கே சேரும் என்றும் பரிதி அறிவித்தான். அறிவித்த இடம் கல்லூரி உணவகம். கையில் பாதி கடித்த உளுந்த வடை இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த பத்து வகுப்புத் தோழர்களும் இதை நியாயமான கூற்றாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் யாரும் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை. அவர்களுடைய பேராசிரியர்களில் பலரும் படித்ததில்லை. பகிர்நினைவி வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பகிர்நினைவி என்பது சோற்றுப் பானை அளவுள்ள ஒரு வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து பன்னிரண்டு தலைப்பட்டைகள் கிளம்பும். ஐந்து பேர் ஆளுக்கொரு யூனிட்டைப் படித்துவிட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும், ஐந்து பேருக்கும் ஐந்து யூனிட்டையும் படித்த நினைவு வந்துவிடும். தேர்வுக்கு முந்தின நாள் பாடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் மாணவர் வழக்கத்துக்கு விஞ்ஞானம் செய்த மரியாதை அது. மாணவர்கள் அதைச் சட்டி என்று அழைத்தார்கள்.

சட்டிக்கு ஒரே ஒரு குறை. பாடத்தையும், படித்தவனின் மனநிலையையும் அதற்குப் பிரிக்கத் தெரியாது. வகுப்புத் தோழன் ஹாரூன் வெப்ப இயக்கவியலைப் பசியோடு படித்திருந்தான். அன்றிலிருந்து 'என்ட்ரோபி' என்ற சொல் காதில் விழுந்தாலே வகுப்பு முழுவதற்கும் பரோட்டா ஞாபகம் வந்தது. மாணவர்கள் எச்சில் விழுங்குவதைப் பேராசிரியர் ஆர்வம் என்று நினைத்தார்.

அந்த ஆண்டு இலக்கிய மன்றம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. தலைப்பு: 'நீர்மகுடம் நாவலை வாசகர்கள் ஏன் இவ்வளவு நேசித்தார்கள்?' நீர்மகுடம் பதினொரு பாகம், எண்ணாயிரத்துத் தொள்ளாயிரம் பக்கம். அதில் கடலடி அரசர்கள் உண்டு, பேசும் வாள் உண்டு, ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் ஒரு வரைபடம் உண்டு. பாகம் பதினொன்று, வகுப்பில் ஆளும் பதினொன்று. கணக்கு இதைவிடச் சுத்தமாக அமையாது என்றான் பரிதி.

புத்தகங்கள் பேச்சிமுத்துவின் கட்டிலடியில் ஒரு பெட்டியில் இருந்தன. பேச்சிமுத்து பரிதியின் அறைத்தோழன், திருச்செந்தூர்ப் பக்கம். அவனுடைய அண்ணன் சுடலை கடலடிச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் மேலே வருவான், கீழே போன் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சுடலை மேலேதான் இருந்தான், ஆனாலும் வரவில்லை. பேச்சி ஒரு வருடப் படிப்பை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டான். அண்ணன் வந்து 'தப்புதான்' என்று சொல்லும்வரை பேசுவதில்லை என்று அதன்பின் முடிவெடுத்தான். சுடலை வரவில்லை. பெட்டிதான் வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: 'ஏழாம் பாகத்தைப் படிச்சிட்டு, நான் மேல வரும்போது துறைக்கு வா.'

பெட்டியைப் பிரித்த அன்று பரிதிக்கு நல்ல வேட்டை. பதினொன்றாம் பாகத்தில், முடிவுக்குப் பத்துப் பக்கம் இருக்கும்போது, ஒரு பழைய பேருந்துச் சீட்டு செருகியிருந்தது.

"எங்க அண்ணன் மூணு தடவை படிச்சிருக்கான். ஒவ்வொரு தடவையும் அதோட நிறுத்திருவான். முடிஞ்சிரக் கூடாதாம்" என்றான் பேச்சி.

"ஏல, எட்டாயிரத்துச் சொச்சம் பக்கம் நடந்து வந்தவன் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போவாம நிக்கான். இவனையெல்லாம் சுரங்கத்துக்குள்ள எப்படில விடுதாங்க?"

வகுப்பே சிரித்தது. பேச்சியும் கொஞ்சம் சிரித்தான்.

சீட்டுக் குலுக்கியதில் ஏழாம் பாகம் பரிதிக்கு விழுந்தது. எட்டாம் பாகம் பேச்சிக்கு.

"நல்லா படில. அது அண்ணன் சொன்ன பாகம், சட்டி வழியா எனக்கும் வந்துரும்லா. எனக்காக" என்றான் பேச்சி.

பரிதி நல்லபடியாகத்தான் தொடங்கினான். முதல் பக்கத்தில் போரில் தோற்றவர்கள் ஒரு படகுப் பட்டறைக்குள் ஒதுங்குகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் மழை பிடிக்கிறது. பத்தாம் பக்கத்தில் கூரை ஒழுகுகிறது. இருபத்திரண்டாம் பக்கத்திலும் மழை விடவில்லை. பரிதி தன் மடிப்புத்திரையை விரித்துப் புத்தகத்துக்குள் வைத்துக் கபடி பார்த்தான். எதிர்க் கட்டிலில் பேச்சி பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்துக்கொண்டிருந்தான். நடுவில் நிமிர்ந்து, "எப்படில இருக்கு?" என்றான்.

"பிரமாதம்" என்றான் பரிதி. சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கல் இறங்கியது. கல்லோடு மிச்ச ஆட்டத்தையும் பார்த்தான். நடுநடுவே பக்கங்களைப் புரட்டினான்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம் பதினொரு பேரும் பட்டையை மாட்டினார்கள்; பரிதி அந்த இருபத்திரண்டு பக்கத்தோடு நின்றிருந்தான். இருபது நிமிடம். பிறகு கண்ணைத் திறந்தார்கள்.

"ஏழாம் பாகம்..." என்று தொடங்கிய வகுப்புத் தோழி ஜெனிட்டா நிறுத்தினாள். "யாரோ நம்மள நம்பினாங்க, நாம ஏமாத்திட்டோம்ங்கிற மாதிரி இருக்கு."

"எனக்கும்" என்றான் ஹாரூன். "வயித்தைப் பெசையுது. பசியில்ல, செக் பண்ணிட்டேன்."

"கதையில யாரும் யாரையும் ஏமாத்தக் காணோம். மழைதான் பெய்யுது. அப்புறம் எப்படி இப்படி ஒரு குற்ற உணர்ச்சி?" என்று வியந்தாள் ஜெனிட்டா. "என்னா எழுத்துல இது!"

பரிதி செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். ஏழாம் பாகத்தில் எழுநூற்றுத் தொண்ணூறு பக்கம் காணாமல் போயிருப்பது யாருக்கும் தெரியவில்லை. சட்டி வழியாக வந்த எதுவுமே அவர்களுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும்.

ஜெனிட்டாவின் கட்டுரை முதல் பரிசு வாங்கியது. 'வாசகனைக் குற்றவாளியாக்கும் கலையே நீர்மகுடத்தின் வெற்றி' என்பது அதன் முடிவு. நூலகம் அந்தப் பதினொரு பேரின் நினைவைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஆறாயிரம் மாணவர்கள் நீர்மகுடத்தைப் 'படித்து' முடித்தார்கள். முடிவை ஜெனிட்டா ஜலதோஷத்தோடு படித்திருந்ததால் மகுடம் சூட்டும் காட்சியில் ஆறாயிரம் பேருக்கும் மூக்கடைத்தது. ஆனால் எல்லோரும் பேசியது ஏழாம் பாகத்தைப் பற்றித்தான். பையன்கள் அம்மாவுக்குப் போன் செய்தார்கள். உணவகக்காரர் வடையைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். காவலாளி, நான்கு ஆண்டுக்கு முன் எடுத்துக்கொண்ட ஒரு குடையை முதல்வர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

கல்லூரியில் எல்லோரும் நல்லவர்களாகிக்கொண்டிருந்தார்கள். பரிதிக்கு மட்டும் வடை இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பேச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கெழமை அண்ணன் தூத்துக்குடி துறைக்கு வாரான். நான் போறேன்."

"போ. அவன் தப்புன்னு சொன்னா பேசு."

"அவன் எதுக்குச் சொல்லணும்? தப்பு எம்மேலதான்." பேச்சி தரையைப் பார்த்துப் பேசினான். "ஏழாம் பாகத்தை நெனச்சாலே நெஞ்சு கனக்குது. உடனே அண்ணன் மொகம் வருது. இதை நான் புரிஞ்சுக்கணும்னுதான் அனுப்பிருக்கான். மூணு வருசமா பேசாம அவனைக் கொன்னுருக்கேன்ல. போய்க் கால்ல விழுந்துரலாம்னு இருக்கேன்."

"பேச்சி, நீயா விழணும்? ஆஸ்பத்திரியில படுக்கை விரிச்சவன் நீ."

"நீ ஏழாம் பாகத்தை முழுசாப் படிச்சவன். உனக்குத் தெரியாதா?"

பரிதிக்குத் தெரியவில்லை. ஆகவே புத்தகத்தை எடுத்தான். நல்ல எண்ணத்தில் அல்ல. அந்தப் பாகத்தில் எங்காவது ஒரு துரோகம், ஒரு சின்ன நம்பிக்கை மோசடி இருந்துவிட்டால் போதும். எல்லோர் நெஞ்சிலும் கனப்பது ஆசிரியர் வைத்த கல் என்றாகிவிடும், தான் தப்பித்துவிடலாம் என்று பார்த்தான். இருபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து துரோகத்தைத் தேடத் தொடங்கினான்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஒன்பது பேர் ஒரு ஓட்டைப் படகின் பலகை இடுக்குகளில் நார் திணித்துக்கொண்டிருந்தார்கள். நனையாத மூலை யாருக்கு என்று தினமும் சண்டை. கிழட்டு வீரன் ஒருவன் தன் குதிரைக் கதையை மூன்றாவது முறையாகச் சொன்னான். மூன்றாவது முறை குதிரைக்கு நிறம் மாறியிருந்தது. பரிதி பின்பக்கம் புரட்டிச் சரிபார்த்தான். ஆமாம், மாறித்தான் இருந்தது. பேசும் வாள் முந்நூறு பக்கமாக ஒரு வார்த்தை பேசவில்லை, அதில் மீன் நறுக்கினார்கள். வெள்ளிக்கிழமை பரிதி வகுப்புக்குப் போகவில்லை. துரோகம் கிடைக்கவில்லை. எப்போது அதைத் தேடுவதை விட்டோம் என்பதும் அவனுக்கு நினைவில்லை.

நானூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில், கோட்டை எரிந்தபோது வராமல் போன மூத்தவன் நனைந்துபோய்ப் பட்டறை வாசலில் வந்து நிற்கிறான். ஏன் வரவில்லை என்று சொல்லவில்லை. இளையவன் அடுப்படியில் மீன் சுடுகிறான், திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பக்கம் முழுக்க ஒருவன் நிற்கிறான், ஒருவன் மீனைப் புரட்டுகிறான். நான்காம் பக்கத்தில் இளையவன் தான் இருந்த நனையாத மூலையில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருகிறான். அவ்வளவுதான்.

சுருக்கினால் 'அண்ணன் திரும்பி வந்தான்' என்று மூன்று சொல். அந்த மூன்று சொல்லுக்காகப் பரிதி நானூற்றுச் சொச்சம் பக்கம் நனைந்திருந்தான். கண்ணைத் துடைத்தபோதுதான் பக்க ஓரத்தில் பென்சில் எழுத்து தெரிந்தது.

'பேச்சி, வாசல்ல நிக்கிறது நான்தான். அப்பாவை அந்த நிலையில பாக்கப் பயந்து ஓடிட்டேன். தப்புதான். நேர்ல சொல்ல வாய் வரலை.'

மூன்று வருடமாகப் பேச்சி எதிர்பார்த்த சொல் அந்தப் பக்கத்தில் இருந்தது. கபடி பார்த்த அன்று பரிதி அதைத் தாண்டிப் புரட்டியிருக்கிறான்.

சனிக்கிழமை மதியம் பேச்சி துறைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏல பேச்சி. ஏழாம் பாகத்தை நான் படிக்கல."

இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை. "அப்புறம்?"

"இருபத்திரண்டு பக்கம் படிச்சேன். பெறவு கபடி பாத்தேன்."

"எந்தக் கபடி?"

"மதுரைக்கும் கோவைக்கும்."

"யாரு ஜெயிச்சா?"

"மதுரை."

பேச்சி காலரைத் திருப்பிப் போட்டான். "அப்போ நெஞ்சுல கனக்குறது?"

"அது என்னோடது. ஒங்கிட்ட 'பிரமாதம்'னு பொய் சொன்னேம்லா, அப்ப வந்தது. சட்டி அதையும் சேத்து ஊத்திட்டு."

"ஒன் பாவத்தையா நான் ஒரு வாரமா செமந்துட்டுத் திரியுதேன்?"

பரிதி அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினான். பேச்சி ஓரத்தில் இருந்ததைப் படித்தான். திரும்பவும் படித்தான். சட்டை கருகும் வாசம் வந்தது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"எனக்காகப் படின்னு சொன்னேன்ல" என்றான் பேச்சி. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பரிதி நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சி சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி வடிவக் கருகலோடு ஏழாம் பாகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். சாயங்காலம் திரும்பி வந்தான்.

"என்னாச்சுல?"

"பஸ்லயே மொதப் பக்கத்துலேருந்து படிக்க ஆரம்பிச்சேன். நாப்பதாம் பக்கத்துல தூத்துக்குடி வந்துட்டு. எறங்கவே மனசில்ல." பேச்சி செருப்பைக் கழற்றினான். "துறையில ஒரு பெஞ்சுல உக்காந்திருந்தேன். வந்தான். பக்கத்துலயே நின்னான். உக்காரல."

"நீ?"

"தள்ளி உக்காந்தேன்."

திங்கட்கிழமை பரிதி முதல்வரைப் பார்த்து உண்மையைச் சொன்னான். ஆறாயிரம் பேர் நினைவிலிருந்தும் தன் கல்லை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டான். முதல்வர் பொறுமையாகக் கேட்டார். குற்ற உணர்ச்சி வந்ததிலிருந்து வருகைப்பதிவு தொண்ணூற்றெட்டு சதவீதம் என்றார். அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தாயிற்று என்றும், பரிதியின் பங்களிப்பு மதிக்கப்படும் என்றும் சொல்லிக் கதவு வரை வந்து வழியனுப்பினார். பருவத்தேர்வில் பதினைந்து மதிப்பெண் கேள்வியாகவே அது வந்தது: 'ஏழாம் பாகத்தில் வாசகர் அடையும் குற்ற உணர்வை விளக்குக.' மழையைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய பரிதிக்கும் பேச்சிக்கும் இரண்டு மதிப்பெண் கிடைத்தது.

அதற்குள் பரிதி முதல் பாகத்துக்குப் போயிருந்தான். பிறகு இரண்டு, மூன்று. கதை முழுக்க அவனுக்கு முன்பே தெரியும், சட்டி சொல்லியிருந்தது. யார் சாவார்கள், மகுடம் யாருக்கு, எல்லாம் தெரியும். தெரிந்தே ஏழு மாதம் படித்தான். உணவகத்தில் யாராவது பார்த்தால் குறிப்பேட்டை மேலே வைத்து மூடிக்கொண்டான்.

கல்லூரியின் கடைசி வாரத்தில் ஹாரூன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். பரிதியின் மடியில் பதினொன்றாம் பாகம் இருந்தது. வலது பக்கம் மெலிந்து, விரலுக்கடியில் சில தாள்களே மிச்சம்.

"என்னல, முடிச்சிட்டியா?"

"இல்ல. கொஞ்சம் இருக்கு."

"பத்துப் பக்கந்தானல இருக்கும்? முடிச்சிட்டு வா, சாப்பிடப் போவோம்."

"நீ போ. வாரேன்."

ஹாரூன் போனதும் பரிதி மேசையிலிருந்த பழைய பேருந்துச் சீட்டை எடுத்தான். அது முன்பிருந்த இடத்திலேயே செருகிப் புத்தகத்தை மூடினான். பேச்சியின் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.