ஐந்தாவது வரி

கீழ் அம்புக்குறியை அழுத்தினாள். திரை மெனுவின் வெள்ளைப் பட்டை நான்காம் அறையின் வரியிலிருந்து முதல் அறையின் வரிக்குத் தாவியிருக்க வேண்டும். தாவவில்லை. காணாமல் போயிற்று. இன்னொரு முறை அழுத்திய பிறகுதான் முதல் வரியில் வந்து நின்றது.

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் அறைக் கதவுகளைத் திறக்கும் கணினி நிரலை அசெம்ப்ளி மொழியில் எழுதியவளே அவள்தான். மெனுவில் நான்கு வரி, நான்கு அறை, எண்டர் தட்டினால் கதவு திறக்கும். ஜன்னல் இல்லாத கண்ட்ரோல் அறையில் பிற்பகல் மூன்று மணிக்கும் ட்யூப்லைட் முனகிக்கொண்டிருக்க, கீழே கம்ப்ரஸர்களின் உறுமல் தரை வழியாக ஏறி நாற்காலிக் காலைத் தொட்டு அவள் முழங்கால் வரை வந்துகொண்டிருந்தது. காற்றில் அம்மோனியாவின் மெல்லிய நெடி.

பட்டை நான்குக்கும் ஒன்றுக்கும் நடுவே எங்கே போயிற்று என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஐந்தாம் அறையில் ஒரு சுமைக்காரர் மாட்டிக்கொண்டார். மறுநாள் காலையில்தான் திறந்தார்கள், உயிர் இல்லை. கதவை வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்ன மேனேஜர், "ஸ்க்ரீன்லயும் அது இருக்கக் கூடாதும்மா" என்றார். வரியை முறையாக நீக்கினால் பத்து இடத்தில் கை வைக்க வேண்டும். அவள் சோம்பல்பட்டாள். திரையில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிற எண் உண்டு. ஏழு என்றால் கருப்பில் சாம்பல், பூஜ்யம் என்றால் கருப்பின் மேல் கருப்பு. அந்த வரி முழுக்கப் பூஜ்யம் போட்டாள்; பட்டை வந்தாலும் அங்கே தெரியாது. பட்டை அங்கே போகாதபடி வரிகளின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து நான்காக்கினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை. அன்று வெட்கமாக இருந்தது, பிறகு மறந்தும் போயிற்று.

இப்போது எண்ணிக்கையைப் பார்த்தாள். ஐந்து. யார் மாற்றியது?

யோசித்தபடியே மறுபடி கீழே இறக்கினாள். பட்டை மறைந்தது. பழக்க தோஷம், விரல் எண்டரைத் தட்டிவிட்டது.

கீழே எங்கோ ஒரு கதவு முனகியது.

மேஜை மேலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. கிடங்கின் மெக்கானிக், அவள் கணவன்.

"ஏய் கண்ணாடிக்காரி, அஞ்சாம் ரூம நீயா தொறந்த?"

அப்படிக் கூப்பிட அவன் ஒருவனுக்குத்தான் தைரியம்.

"அது வெல்டிங் வச்சதாச்சேங்க!"

"எனக்குத் தெரியாதா? நானே வச்சதுதானே. ஆனா தொறந்துதான் கெடக்கு." இரைச்சலுக்கு நடுவே அவன் காலடி கேட்டது. "உள்ள யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு."

"போகாதீங்க. சொல்றதக் கேளுங்க, போகாதீங்க!"

"ஆள் இருந்தா என்ன பண்றது? ஒரு நிமிஷம் இரு."

அந்த வரியின் பூஜ்யங்களை ஏழாக்கினாள். 'ஐந்தாம் அறை' என்று வந்திருக்க வேண்டும். அவள் கையால் அடித்த எழுத்து அதுதான். வந்தது வேறு.

குளிருது.

திரையில் இரண்டாயிரம் கட்டங்கள். எல்லாவற்றையும் ஏழாக்க நாலு வரி லூப் போதும். எழுதினாள். ஓட்டினாள். காலி என்று இரண்டு வருடமாக அவள் நினைத்திருந்த கருப்பெல்லாம் மேலிருந்து கீழ்வரை எழுத்தாக எழும்பியது. குளிருது குளிருது குளிருது. ஓரம் விடாமல்.

கீழே கதவு அறைந்து சாத்திய சத்தம்.

"என்னங்க?"

இரைச்சல்.

மெனுவுக்குத் திரும்பினாள். அம்பு. நான்கு. அம்பு. ஒன்று. பட்டை இப்போது மறையவே இல்லை. எண்ணிக்கை நான்கு. ஐந்தாக்கினாள். பார்க்கும்போதே நான்கானது. மறுபடி ஐந்து. மறுபடி நான்கு.

ஓடினாள். படி. நடைபாதை. உறைபனி நாற்றம். ஐந்தாம் கதவு. வெல்டிங் அப்படியே இருந்தது, பழைய துரு ஏறி, கீறல்கூட இல்லாமல். அதன் முன்னால் தரையில் அவன் வாக்கி-டாக்கி.

கதவில் இரண்டு கையாலும் அடித்தாள். அவனைக் கூப்பிட்டாள். உள்ளே சத்தமே இல்லை.

கதவை அறுக்க ஆள் கூப்பிட வேண்டும், ஃபோன் மேலேதான் இருந்தது. திரும்பி ஓடி வந்தாள். ரிசீவரை எடுத்தவளின் கண் திரைக்குப் போயிற்று.

எல்லா எழுத்தும் போயிருந்தன. திரை முழுக்க ஒரே கருப்பு. லூப்பை மறுபடி ஓட்ட அவளுக்குத் துணிவில்லை, ஓட்டாமலும் இருக்க முடியவில்லை. ஓட்டினாள்.

ஐந்தாவது இடத்தில் மட்டும் ஒரு வரி வந்தது.

கண்ணாடிக்காரி, குளிருது.

அதன் கீழே, ஆறாவது வரியில், கர்சர் துடித்தபடி காலியாகக் காத்திருந்தது.