கதவில் விழாத வெயில்

பயிர் மானியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி இரண்டு மாதம் முன்பு வந்த கடிதத்தோடு அந்தப் பெண் தணிக்கை அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தாள். மானியம் வாங்கிக்கொண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. இந்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். புருஷன் போனபின் ஒற்றை ஆளாக நின்று சோளம் விதைத்தவள் அவள். அறுவடையும் முடிந்துவிட்டதால், இப்போது காட்டுவதற்கு வயலில் ஒன்றுமில்லை.

கள ஆய்வாளர் பயிர் நிற்கவேண்டிய காலத்தில் எடுத்து, கடிதத்தோடு இணைத்திருந்த படத்தில் வெற்று நிலமும் மோட்டார் கொட்டகையும் தெரிந்தன. கொட்டகையின் நிழல் கதவுக்கு முன்னால் நீண்டு கிடந்தது. மூலையில் கேமராவே பதித்த நேரம், காலை ஒன்பது. கீழே, ‘பக்கத்து நிலத்துக்காரரும் உறுதி செய்தார்’ என்று ஒரு வரி.

அந்த வரிதான் அவளைச் சுட்டது. பக்கத்து நிலம் கொழுந்தனுடையது. வரப்புக்காக ஒருமுறை வாய்த்தகராறும் நடந்திருந்தது. கடிதம் வந்த அன்றே அவன் வாசலில் போய், குடும்பத்துக்கே குழி பறித்தாயா என்று கேட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

அதிகாரியின் ஓட்டுநருக்கு அப்போதே சந்தேகம் தீர்ந்துவிட்டது. கொழுந்தனைப் பிடித்து விசாரித்தால் போதும் என்றான். அதிகாரி அம்மாள் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மறுநாள் காலை கொழுந்தனையும் ஆய்வாளரையும் நிலத்துக்கு வரச் சொன்னாள்.

ஓடையின் மேல் போட்டிருந்த புதுப் பலகைப் பாலத்தைக் கடந்து எல்லோரும் போனார்கள். பழைய பாலம் எப்போது போனது என்று அதிகாரி கேட்டாள். சோளம் பால் பிடித்த சமயம் வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாகக் கொழுந்தன் சொன்னான். ஆய்வாளர் தரையைப் பார்த்தார்.

மணி ஒன்பது. கொட்டகைக் கதவில் வெயில் பளீரென்று அடித்தது. அதிகாரி அதன் எதிரே நின்று கண்களைச் சுருக்கினாள்.

“இந்தக் கதவு கிழக்க பார்த்திருக்கு. இந்த நேரத்துல நிழல் கொட்டகைக்குப் பின்னாலதான் விழும். படத்துல முன்னால விழுந்திருக்கு. அப்போ அது மேற்க பார்த்த கதவு.”

ஓடைக்கு அக்கரையில் இதே அச்சில் இன்னொரு கொட்டகை நின்றது. இரண்டையும் ஒரே கொத்தனார்தான் கட்டினார் என்றும், அந்த நிலத்துக்காரர் வெளியூர் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்றும் அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். ஓட்டுநர் அக்கரைக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கதவு மேற்கே பார்த்திருந்தது. நிழல் படத்தில் இருந்தபடியே கிடந்தது.

பாலம் இல்லாததால் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, அக்கரையிலேயே படம் எடுத்ததை ஆய்வாளர் ஒப்புக்கொண்டார். தரிசு என்று சொன்னது அக்கரை நிலத்துக்குப் பக்கத்துக்காரர்.

“அவர் பொய் சொல்லல. நீங்கதான் அவர் சொன்னதை வேற நிலத்துக்கு எழுதிட்டீங்க,” என்றாள் அதிகாரி. கடிதம் ரத்து என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பெண் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். நிலம் பிழைத்தது என்பதைவிட, இவன் செய்யவில்லை என்பதுதான் நெஞ்சில் முதலில் இறங்கியது.

“தம்பி, உன்னைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்.”

“விடுங்க அண்ணி,” என்றான் கொழுந்தன். “ரெண்டு மாசமா உங்ககூட சண்டை போடக்கூட முடியாம எனக்கு வாயே மரத்துப்போச்சு.”

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.